நான் ஒருவன் மாறினால் போதுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில நாட்களிலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பழையதை என்ன செய்வது?" பரண் மேல் ஒரு பழைய சி.பி.யூ., கட்டிலுக்கு அடியில் வேலை செய்யாத பிரிண்டர், மேஜை டிராயரில் உப்பிப் போன லேப்டாப் பேட்டரி என்று அநேகமாக எல்லா வீடுகளிலும் ஏதாவது கிடக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத கம்ப்யூட்டர்கள் பல, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே "பழசு" என்ற பெயரை வாங்கிவிட்டன. அதனால் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது.

நான் காங்கேயத்தில் கம்ப்யூட்டர் விற்பனையும் சர்வீஸும் செய்யும் சிறிய கடை வைத்திருக்கிறேன். பழைய மதர்போர்டு, பேட்டரி போன்றவற்றைப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள், அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குக் கொடுங்கள் என்று வருகிறவர்களிடம் சொல்வது வழக்கம். அப்போது பலரும் ஒரே மாதிரி திருப்பிக் கேட்கிறார்கள். "ஏனுங்க, ஊரே இரும்புக் கடையிலதான் போடுது. நான் ஒருத்தன் போடாம இருந்தா என்னங்க ஆகப் போகுது?"

இதைச் சோம்பேறியின் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. மிகச் சரியான கேள்வி இது. "ஒவ்வொருவரும் திருந்தினால் உலகம் திருந்தும்" என்று பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதில் எப்போது உண்மை, எப்போது உண்மை இல்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. நம் ஊருக்கு வடக்கே ஓடும் நொய்யலைப் பார்த்தாலே போதும்.

நொய்யல் சொல்லும் கணக்கு

வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் தொடங்கி, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு நொய்யல். காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் இடைப்பட்ட பகுதியில், அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டிய அணை இது. ஆனால் அதே காலத்தில் திருப்பூர் பனியன் ஏற்றுமதி வேகமாக வளர்ந்தது. சாயப்பட்டறைகளின் கழிவுநீர் ஆற்றில் இறங்கியது. சில ஆண்டுகளிலேயே அணையில் பாசன நீருக்குப் பதில் சாயக் கழிவு தேங்கி நின்றது. அணையைத் திறக்கச் சொல்லிப் போராடும் விவசாயிகளைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அணையில் தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகள் கேட்கும் நிலை வந்தது.

பிரச்சினையின் மையத்தில் இருந்தது உப்பு. பருத்தித் துணியில் சாயம் நன்றாகப் பிடிக்க, சாயத் தொட்டியில் உப்பைச் சேர்க்கிறார்கள். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு தண்ணீரிலேயே நிற்கும். 1990-களின் பின்பாதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. ஆனால் அவை தண்ணீரின் நிறத்தைக் குறைத்தனவே தவிர, கரைந்திருந்த உப்பை எடுக்கவில்லை. உப்பைப் பிரிக்க நம் வீட்டு ஆர்.ஓ. மெஷினில் இருப்பது போன்ற சவ்வு வேண்டும். அதில் மிஞ்சும் கெட்டியான உப்பு நீரைக் காய்ச்சி ஆவியாக்கும் கருவியும் வேண்டும். இரண்டுக்கும் முதலீடு அதிகம், மின்சாரமும் எரிபொருளும் அதிகம்.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு தெருவில் பத்து சாயப்பட்டறைகள் இருக்கின்றன. எல்லோரும் கிலோவுக்கு 60 ரூபாய் கூலிக்குச் சாயம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவர் மனசாட்சியுள்ளவர். கழிவை முழுவதும் சுத்தம் செய்துதான் வெளியே விடுவேன் என்று முடிவெடுக்கிறார். அவருக்குக் கிலோவுக்கு 75 ரூபாய் அடக்கமாகிறது. ஆர்டர் கொடுப்பவர் யாரிடம் போவார்? மீதி ஒன்பது பேரிடம்தான். நல்லவர் ஆறு மாதத்தில் பட்டறையைப் பூட்டுவார். ஆறு சுத்தமாகியிருக்குமா? ஆகியிருக்காது. அவருக்கு வர வேண்டிய துணியை மற்ற ஒன்பது பேர் நனைத்து, அந்தக் கழிவையும் சேர்த்து ஆற்றில் விட்டிருப்பார்கள்.

இந்தக் கணக்கில் யாரும் வில்லன் இல்லை. ஒன்பது பேரும் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொருவரும், "அடுத்தவன் செய்தால் நானும் செய்கிறேன்" என்று காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தக் காத்திருப்பில்தான் ஆறு செத்தது.

பனியன் வாங்குபவர் தேர்ந்தெடுத்து வாங்கினால் தீராதா என்று கேட்கலாம். கடையில் இரண்டு பனியன்கள் அடுத்தடுத்து தொங்குகின்றன. எதன் சாயக் கழிவு எந்த ஆற்றில் போனது என்று எந்த லேபிளும் சொல்லாது. தெரியாத ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பூட்டிய பிறகு பிறந்த வழி

கடைசியில் என்ன நடந்தது? ஆற்றை நம்பியிருந்த விவசாயிகள் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கமாகச் சேர்ந்து சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவுகூட ஆற்றில் விழக் கூடாது என்ற நிபந்தனையை விதித்துக் கெடு வைத்தது. அதுவரை வெளியேற்றும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி அபராதமும் போட்டது. சாயப்பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கேயும் விவசாயிகள் பக்கமே தீர்ப்பு வந்தது. அதன் பிறகும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன.

அதற்குப் பிறகுதான் வேலை நடந்தது. சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தமிழக அரசு 2011-ல் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. உப்பு நீரைத் திரும்பச் சாயத் தொட்டிக்கே பயன்படுத்தும் முறைகள் வந்தன. தண்ணீரைச் சுத்தம் செய்து மறுபடி மறுபடி உபயோகிக்கும் பட்டறைகள் இயங்கத் தொடங்கின. முன்பு முடியவே முடியாது என்று சொன்ன அதே தொழில்தான் இதைச் செய்தது. காரணம் எளிது. இப்போது பத்துப் பேருக்கும் அடக்க விலை 75 ரூபாய். சுத்தமாகத் தொழில் செய்கிறவர் தோற்க வேண்டிய அவசியம் இல்லை. சட்டத்தால் யார் மனதும் மாறவில்லை. நல்லவராக இருப்பதால் வந்த நஷ்டம்தான் நீங்கியது.

இதை முழு வெற்றிக் கதையாகச் சொல்ல நான் தயாரில்லை. பட்டறைகள் மூடியபோது வேலை இழந்தவர்கள் கூலித் தொழிலாளர்கள். ஆற்றைக் கெடுக்கும் முடிவில் அவர்களுக்குப் பங்கில்லை. விலையை மட்டும் அவர்கள் கொடுத்தார்கள். சில பட்டறைகள் ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் காவிரிக் கரையோரம் அனுமதியில்லாமல் முளைத்தன. அதிகாரிகள் இடிப்பதும் அவை மறுபடி தோன்றுவதும் செய்தியாயின. ஆவியாக்கிய பிறகு மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பது இன்னும் தலைவலிதான். ஊர்களின் சாக்கடை நீரும் நொய்யலில் கலக்கிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. ஒன்று, பொது விதி ஒரு ஊருக்கு மட்டும் இருந்தால் பிரச்சினை அடுத்த ஊருக்கு வீடு மாறும். இரண்டு, கூட்டு முடிவைத் தள்ளிப் போட்டால் அது கடைசியில் பூட்டாகத்தான் வரும். அந்தப் பூட்டு முதலில் ஏழையின் வயிற்றில் விழும்.

எது தனியாள் வேலை? எது கூட்டு வேலை?

அப்படியானால் எல்லாவற்றுக்கும் சட்டம்தானா? இல்லை. நான் ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். ஒரு நல்ல காரியத்தை நான் மட்டும் செய்தால் எனக்கு லாபமா, நஷ்டமா என்று பாருங்கள். லாபம் என்றால் அதைத் தனிமனிதர் தேர்வுக்கே விட்டுவிடலாம். நஷ்டம் என்றால் அங்கே பொது விதி வேண்டும்.

கம்ப்யூட்டரிலேயே உதாரணம் சொல்கிறேன். 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் நூற்றைம்பது நாடுகள் வரை பரவியது. பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அப்டேட் செய்தவர் தன் பைல்களைக் காப்பாற்றிக்கொண்டார். தன் கம்ப்யூட்டரிலிருந்து அடுத்தவருக்குப் பரவாமலும் தடுத்தார். இங்கே என் நன்மையும் ஊர் நன்மையும் ஒன்றாகவே போகின்றன. ஆகவே, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களே, விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள். இதற்கு யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

மரம் நடுவதும் இந்த வகைதான். "வனத்துக்குள் திருப்பூர்" என்ற பெயரில் 2015 முதல் நம் மாவட்டத்தில் லட்சக்கணக்கில் மரக்கன்றுகள் நட்டிருக்கிறார்கள். ஒருவர் நட்ட மரத்தை, நடாத இன்னொருவர் வந்து அழித்துவிடுவதில்லை. கூடினவர்கள் கூடினால் போதும். கூடாதவர்களால் வேலை கெடாது. சாயக் கழிவு அப்படி இல்லை. தொண்ணூறு பேர் சுத்தமாக இருந்தாலும் பத்துப் பேர் ஆற்றைக் கெடுத்துவிடலாம். மரத்துக்குப் போதுமான வழி உப்புக்குப் போதாது.

உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கும் சாட்சி

கம்ப்யூட்டரைச் சில நிமிடங்கள் தொடாமல் விட்டால் திரை அணைந்து அது உறங்கப் போகிறதல்லவா? இந்த வசதியை நீங்கள் கேட்டு வாங்கவில்லை. 1992-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு எனர்ஜி ஸ்டார் என்ற முத்திரையைக் கொண்டுவந்தது. முதலில் அது கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும்தான். உபயோகிக்காத நேரத்தில் மின்சாரத்தைக் குறைக்கும் மாடல்களுக்கு அந்த முத்திரை கிடைக்கும். முத்திரை மட்டும் இருந்திருந்தால் சிலர் கவனித்திருப்பார்கள், பலர் விட்டிருப்பார்கள். 1993-ல் அமெரிக்க அரசு அலுவலகங்கள் இந்த முத்திரை பெற்ற கம்ப்யூட்டர்களைத்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கேட்டால் எந்தக் கம்பெனி மறுக்கும்? அரசுக்கு ஒரு மாடல், வீட்டுக்கு ஒரு மாடல் என்று தனித்தனியாகச் செய்வதைவிட எல்லாவற்றிலும் வைத்துவிடுவதே மலிவு. காங்கேயத்தில் நீங்கள் வாங்கும் லேப்டாப் வரை அந்த வசதி வந்துவிட்டது.

இன்னொரு சாட்சி ஈயம். முன்பு சர்க்யூட் போர்டில் பற்றவைக்க ஈயம் கலந்த சால்டர்தான் உபயோகித்தார்கள். பழைய பெரிய மானிட்டர்களின் கண்ணாடியிலும் கிலோ கணக்கில் ஈயம் உண்டு. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய யூனியனில் ரோஹ்ஸ் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஈயம், பாதரசம், காட்மியம் உட்பட ஆறு வகைப் பொருட்களுக்கு அது கட்டுப்பாடு விதித்தது. உலகம் முழுவதும் விற்கும் கம்பெனிகள் தங்கள் தயாரிப்பு முறையையே மாற்றிக்கொண்டன. இந்தியாவும் பிறகு இதே போன்ற வரம்புகளை விதித்தது. ஈயம் குறைந்த கம்ப்யூட்டர் வேண்டும் என்று என் கடையில் இதுவரை ஒரு வாடிக்கையாளர்கூடக் கேட்டதில்லை. கேட்காமலே கிடைத்தது.

என் கடைக் கணக்கு

மின்குப்பை இன்று எந்த வகை? சாயக் கழிவின் வகை. என் கடையை வைத்தே சொல்கிறேன். வாடிக்கையாளர்கள் விட்டுப் போகும் பழைய போர்டுகளை நான் மூட்டையாகக் கட்டி, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்கு அனுப்புகிறேன். சின்ன ஊரிலிருந்து சின்ன மூட்டை என்பதால், வண்டி வாடகையைக் கழித்தால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. பழைய சாமான் வியாபாரியோ கடைக்கே வந்து, ரொக்கம் கொடுத்து எடுத்துப் போகத் தயார். அவரிடம் போடும் கடைக்காரர் அந்தப் பணத்தைக் கழித்து, "பழசுக்குப் புதுசு" விலையில் என்னைவிடச் சில நூறு ரூபாய் குறைத்துத் தர முடியும். வாடிக்கையாளர் எங்கே போவார் என்று சொல்ல வேண்டியதில்லை. சாயப்பட்டறைக் கணக்கேதான் இது. சரக்கு மட்டும் வேறு.

அந்த ரொக்கம் எங்கிருந்து வருகிறது? போர்டில் இருக்கும் செம்பும் தங்கமும் பிற உலோகங்களும்தான். அவற்றைப் பாதுகாப்பாகப் பிரிக்க இயந்திரமும் செலவும் வேண்டும். மலிவான வழி, எரிப்பதும் அமிலத்தில் போடுவதும். உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத்தில் ராமகங்கை ஆற்றங்கரையில் இப்படி எரித்துக் கழுவிய கருஞ்சாம்பல் குவிந்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட வேண்டி வந்தது. ஆறு வேறு, மாநிலம் வேறு, கதை ஒன்றுதான். உலக அளவில் 2022-ல் உருவான மின்குப்பை 6.2 கோடி டன் என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான்.

நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. மின்குப்பை மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. பொருளைத் தயாரித்து விற்கும் கம்பெனியே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்பது அதன் அடிப்படை. 2023-24-ல் 60 சதவீதம், 2025-26-ல் 70 சதவீதம், 2027-28 முதல் 80 சதவீதம் என்று மறுசுழற்சி இலக்கு வைத்திருக்கிறார்கள். சரியான திசைதான். ஆனால் காகிதத்தில் இலக்கு இருந்தால் போதாது. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் போன்ற ஊர்களில் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடமும், கொடுப்பவருக்கு நியாயமான விலையும் வேண்டும். அது வரும் வரை, "நீ நல்லவனாக இரு" என்று வாடிக்கையாளருக்கு உபதேசம் செய்வது பாதி நியாயம்தான்.

தனிமனிதர் சும்மா இருக்கலாமா?

கூடாது. ஆயக்கட்டுதாரர் சங்கம் வானத்திலிருந்து இறங்கவில்லை. யாரோ சில விவசாயிகள், "எல்லோருக்கும் கெட்டது எனக்கும் கெட்டது" என்று சும்மா இருக்காமல், பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் பேசியதால்தான் பிறந்தது. ஓசோன் படலத்தின் கதையும் அப்படித்தான். குளோரோபுளோரோகார்பன் வாயு ஓசோனைக் கெடுக்கும் என்று 1974-ல் விஞ்ஞானிகள் எச்சரித்தவுடன், அமெரிக்காவில் மக்கள் தாங்களாகவே ஸ்பிரே டப்பாக்களைத் தவிர்க்கத் தொடங்கினார்கள். 1978-ல் அங்கே சட்டம் வந்தது. 1987-ல் மாண்ட்ரீல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சர்க்யூட் போர்டுகளைக் கழுவ அதே வகை ரசாயனத்தை நம்பியிருந்த எலக்ட்ரானிக்ஸ் தொழிலும் வேறு வழிக்கு மாறியது. ஸ்பிரே டப்பாவை மறுத்தவர்கள் மட்டும் ஓசோனைக் காப்பாற்றவில்லை. ஆனால் மக்கள் தயார் என்பதைச் சட்டம் போடுகிறவர்களுக்குக் காட்டினார்கள்.

தனிமனிதரின் தேர்வு ஒரு விதை நெல். விதை நெல்லைச் சமைத்து ஒரு ஊரின் பசியைத் தீர்க்க முடியாது. அது இல்லாமல் வயலும் விளையாது.

நீங்கள் செய்யக்கூடியவை

முதலில் தனியாகச் செய்யக்கூடியவை. கம்ப்யூட்டரை மாற்றும் முன், ராம் கூட்டி எஸ்.எஸ்.டி. போட்டால் இன்னும் சில ஆண்டுகள் ஓடுமா என்று கேளுங்கள். விண்டோஸ் 11 ஏறாத கம்ப்யூட்டரில் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச சிஸ்டங்களைப் போட்டுக் குழந்தைகளின் படிப்புக்குக் கொடுக்கலாம். யாருக்குக் கொடுத்தாலும் முதலில் உங்கள் பைல்களைக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் "ரிக்கவரி" பகுதிக்குப் போய், "ரீசெட் பிசி", "ரிமூவ் எவ்ரிதிங்" கொடுத்து, "கிளீன் டேட்டா" என்பதையும் தேர்ந்தெடுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ, அழுத்தவோ, சாதாரணக் குப்பையில் போடவோ வேண்டாம், தீப்பிடிக்கும்.

அடுத்து, சேர்ந்து செய்ய வேண்டியவை. ஒரு வீட்டுக்காக எந்த மறுசுழற்சி நிறுவனமும் வண்டி அனுப்பாது. ஐம்பது வீடுகளும் ஒரு பள்ளியும் நான்கு நூல் மில் அலுவலகங்களும் சேர்ந்தால் அனுப்பும். ஆண்டுக்கு ஒரு நாள், குடியிருப்போர் சங்கமோ, பெற்றோர் ஆசிரியர் கழகமோ, வியாபாரிகள் சங்கமோ நாள் குறித்துச் சேகரிக்கலாம். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வெப்சைட்டில் இருக்கிறது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கும்போது, "பழையதை உங்கள் கம்பெனி எங்கே வாங்கிக்கொள்ளும்?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். என் கடைக்கு வந்தால் என்னிடமும் கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரிப்போம். பத்துப் பேர் கேட்டால் கம்பெனிக்குப் போன் செய்வோம். நகராட்சியில் மின்குப்பைக்கு நிரந்தரமாக ஓர் இடம் கேட்டு மனு எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்தையும் வாங்குங்கள். அந்த இரண்டாவது கையெழுத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

எங்கள் வியாபாரிகளுக்கும் ஒன்று சொல்வேன். பழைய போர்டுகளை இரும்புக் கடையில் போடுவதில்லை என்று காங்கேயத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர்கள் அனைவரும் சேர்ந்து முடிவெடுத்தால், யாருக்கும் தனி நஷ்டம் இல்லை. மூட்டைகள் சேர்ந்தால் வண்டி வாடகையும் பங்காகக் குறையும். நீதிமன்றம் வந்து பூட்டுப் போடும் வரை காத்திருந்தவர்களின் கதை நம் ஊருக்கு வடக்கே ஆறாக ஓடுகிறது. அதைப் படித்தவர்கள் நாமாகத்தான் இருக்க வேண்டும்.

நான் ஒருவன் மாறினால் போதுமா? போதாது. ஆனால் மாறிய அந்த ஒருவன் இன்னும் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தால், பத்துப் பேருக்கும் பொதுவான ஒரு விதியைக் கேட்க முடியும். கேட்க ஆளிருந்தால்தான் விதி வரும்.